தடைகள் வளர்த்த தாளம்

மேற்கிந்தியத் தீவுகள் என்றவுடன் நம் மாணவர் நெஞ்சில் தோன்றுவன மட்டையும் பந்துமே. சோபர்ஸ், லாய்டு, ரிச்சர்ட்ஸ், லாரா என்று பெயர்களை வரிசையாக ஒப்பிப்பார்கள். அத்தீவுகளின் மக்கள் எங்கிருந்து வந்தனர், எதனை இழந்து வந்தனர், இழந்தவற்றுள் எதனை மீட்டுக்கொண்டனர் என்று வினவினால் வகுப்பறையில் அமைதி நிலவும். அந்த அமைதியைச் சற்றே கலைக்க விரும்பியே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

இதற்கு நான் தேர்ந்துகொண்ட பொருள் ஓர் ஆட்டம். கரீபியன் கடலின் பிரெஞ்சுத் தீவுகளில் அதன் பெயர் கலெண்டா. டிரினிடாட் தீவில் கலிண்டா. நெடுங்காலமாகச் சட்டங்கள் அதனைத் துரத்தின. துரத்தத் துரத்த அது உருமாறி வாழ்ந்தது.

மார்க்க நெறி பேணும் பெரியோர் நடத்தும் கல்லூரியின் தமிழ்த்துறை மலரில், கடல் கடந்த ஆட்டம் ஒன்றைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சான்றோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வினா எனக்குள்ளும் எழுந்தது. ஆட்டத்திற்குப் பரிந்துரை கூறுவது என் நோக்கமன்று. பொன்னும் பொருளும் பெயரும் மொழியும் பறிக்கப்பட்ட மனிதர்கள் தம் மானத்தை எங்ஙனம் காத்துக்கொண்டனர் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. அடிமையாயிருந்த பிலால் (ரலி) அவர்களைத் தொழுகைக்கு அழைக்கும் முதற்குரலாக உயர்த்திய மார்க்கம் நம்முடையது. அடிமைப்பட்டோரின் வரலாற்றை அயலார் வரலாறு என்று நாம் ஒதுக்கிவிட இயலுமோ?

கரும்பு கொண்டுவந்த துயர்

ஐரோப்பியரின் தேநீர்க் கோப்பைக்கு இனிப்பு வேண்டியிருந்தது. இனிப்புக்குக் கரும்பு வேண்டும். கரும்புக்குக் கூலியின்றி உழைக்கும் கைகள் வேண்டும். அக்கைகளை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சங்கிலியில் பிணைத்துக் கொணர்ந்தனர். 16-ஆம் நூற்றாண்டு தொடங்கி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்வரை அமெரிக்கக் கண்டங்களுக்கும் கரீபியன் தீவுகளுக்குமாகக் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர் என்று வரலாற்றறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். உயிரோடு மறுகரை சேர்ந்தவர்கள் ஒரு கோடியே ஏழு இலட்சம் பேர். எஞ்சியோரில் மிகப் பலருக்குக் கடலே கல்லறையாயிற்று.

கரை சேர்ந்தவர்களின் கையில் எதுவும் இல்லை. முரசைத் தூக்கிக்கொண்டு எவரும் கப்பலேறவில்லை. ஒரே ஊரார் ஒரே தோட்டத்தில் சேர்ந்திருத்தலும் அரிதாயிற்று. பல மொழி பேசுவோரைக் கலந்து வைத்தால் ஒன்றுகூடிச் சூழ்ச்சி செய்யமாட்டார்கள் என்பது உடைமையாளர் பலரின் கணக்கு. ஆயினும் உடம்பு அறிந்த ஒன்றைப் பறிமுதல் செய்ய இயலவில்லை. மரத்தைக் குடையக் கைகள் அறிந்திருந்தன. தோலை இழுத்துக் கட்ட விரல்கள் அறிந்திருந்தன. எந்த அடிக்கு எந்தக் காலை எடுத்து வைப்பது என்பதைப் பாதங்கள் அறிந்திருந்தன.

பாதிரியார் கண்ட ஆட்டம்

கலெண்டாவைப் பற்றிய விரிவான பழங்குறிப்பை நமக்கு விட்டுச் சென்றவர் லபா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1694-ஆம் ஆண்டு மார்ட்டினிக் தீவுக்கு வந்த அவர் 1705 வரை அப்பகுதியில் வாழ்ந்தார். 1722-இல் அவருடைய பயண நூல் வெளிவந்தது. சமயத் தொண்டர் என்ற பெயரோடு சர்க்கரை ஆலையையும் நடத்தியவர் அவர். அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர். ஆட்டத்தின்மீது அவருக்குப் பரிவு இருந்ததில்லை. ஆயினும் கண்டதை நுணுக்கமாக எழுதும் பழக்கம் இருந்தது.

இவ்வாட்டம் கினியாக் கரையிலிருந்து, குறிப்பாக ஆர்த்ரா என்ற நாட்டிலிருந்து வந்தது என்கிறார் லபா. ஆர்த்ரா என்பது இன்றைய பெனின் நாட்டின் தென்பகுதியில் இருந்த அல்லாடா அரசு. ஆடவர் ஒரு வரிசையிலும் பெண்டிர் எதிர்வரிசையிலும் நிற்பர். ஆடிக் களைத்தோரும் காண வந்தோரும் அவர்களைச் சூழ்ந்து வட்டமாக நிற்பர். குரல் வளமுடைய ஒருவர் அந்த நேரத்திலேயே பாட்டைக் கட்டிப் பாட, சுற்றி நிற்போர் கைதட்டிப் பல்லவியைத் திருப்பிப் பாடுவர். முரசின் தாளத்திற்கேற்ப இரு வரிசையும் நெருங்கும், தொடையோடு தொடை மோதும், சுழன்று விலகும், மீண்டும் நெருங்கும்.

முரசுகள் இரண்டு. குடைந்த மரத்துண்டின் ஒரு வாயை ஆட்டுத்தோலால் மூடியிருப்பர். பெரிய முரசு மூன்று நான்கு அடி நீளம். சிறியதும் ஏறத்தாழ அதே நீளமே, விட்டத்தில் மட்டும் பாதி. சிறியதன் பெயர் பாபூலா. முரசைக் கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு விரல்களால் முழக்குவர். பெரியது நிதானமாக அளந்து ஒலிக்க, பாபூலா விரைந்து ஒலிக்கும். அளவை காப்பது ஒன்று. ஆட்டத்தை எழுப்புவது மற்றொன்று. நம் மேளக் கச்சேரி அறிந்தவர்க்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டுவதில்லை.

வார முழுதும் கரும்பு வெட்டிய மனிதர்கள் இந்த ஆட்டத்திற்காகப் பல கல் தொலைவு நடந்து செல்வர் என்றும், முதியோர் முதல் நடக்கத் தொடங்கிய குழந்தைகள் வரை இதில் பித்துக் கொண்டிருந்தனர் என்றும் அவர் வியக்கின்றார். தாயின் வயிற்றிலேயே பயின்று வந்தனரோ என்று எண்ணும்படி இருந்ததாம்! இதற்கு மாற்றாகப் பிரெஞ்சு நாட்டு நடனங்களைக் கற்பித்துப் பார்த்ததையும் அவரே எழுதுகின்றார்.

பிற்காலத்தில் மொரோ தெ செயின்ட்-மெரி என்னும் சட்ட அறிஞர், இன்று ஹெயிட்டி என வழங்கும் செயின்ட்-டொமிங்கு நாட்டில் தாம் கண்ட கலெண்டாவை 1790-களில் வெளியிட்ட நூல்களில் வருணித்தார். பெயர் ஒன்றாயினும் ஆட்டம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. மார்ட்டினிக்கில் இன்று அப்பெயர் முரசுக்காரரை நோக்கித் தனியொருவர் ஆடும் ஆட்டத்தைக் குறிக்கின்றது. கிரெனடாவைச் சேர்ந்த கரியாகூ என்னும் சிறு தீவில், முன்னோரை நினைந்து நிகழ்த்தும் பெருமுரசு விழாவின் ஆட்டங்களுள் ஒன்றாக அது நிற்கின்றது. டிரினிடாடிலோ அது தடி ஏந்திய வீர விளையாட்டாயிற்று. ஒரு விதை பல மண்ணில் பல மரமாக வளர்ந்தது போலும்!

அவர்கள் அஞ்சியது எதற்கு?

ஒருமுறை வகுப்பில் இச்செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அடிமைகளாக இருந்தவர்கள் போராடாமல் ஆடிக்கொண்டா இருந்தார்கள்?" என்று கேட்டார். நல்ல வினா. அதற்கு நான் சட்டப் புத்தகத்தையே விடையாகக் காட்டினேன்.

1685-ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி தன் தீவுகளுக்கென ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டான். கறுப்புச் சட்டம் என்று வரலாறு அதனைக் குறிக்கும். அதன் 15-ஆம் விதி, அடிமைகள் ஆயுதத்தையோ பெருந்தடியையோ கையில் ஏந்தலாகாது என்றது. 16-ஆம் விதி, வெவ்வேறு உடைமையாளரின் அடிமைகள் பகலிலோ இரவிலோ, திருமணம் என்றோ வேறு காரணம் காட்டியோ, ஒன்றுகூடலாகாது என்றது. மீறினால் கசையடி; சூட்டுக்கோலால் அல்லிமலர் முத்திரை. மீண்டும் மீண்டும் மீறினால் உயிருக்கே கேடு நேரலாம்.

விதிகளை ஊன்றிக் கவனியுங்கள். ஒன்று தடியைத் தடுக்கின்றது. மற்றொன்று கூட்டத்தைத் தடுக்கின்றது. கலெண்டாவைத் தடைசெய்ததற்கு லபா பாதிரியார் கூறும் காரணங்களும் இரண்டே. ஒன்று, அதன் அசைவுகள் நாணமற்றவை என்பது. மற்றொன்று, கூட்டமாகச் சேர்ந்து களிப்பில் இருக்கும் மக்கள் கலகத்தில் இறங்கக்கூடும் என்பது. முதற்காரணம் ஊருக்குச் சொல்வது. இரண்டாவதே உறக்கத்தைக் கெடுத்தது. ஆடுகின்றவன் போராடவில்லை என்று நாம் எண்ணலாம். ஆண்டவர்கள் அங்ஙனம் எண்ணவில்லை. தனித்தனி உடைமையாகப் பிரித்து வைத்த மனிதர்கள் ஒரே தாளத்திற்குக் காலடி வைப்பதைக் கண்டு அவர்கள் நடுங்கினர். 1791-இல் செயின்ட்-டொமிங்குவின் அடிமைகள் பொங்கியெழுந்து, 1804-இல் ஹெயிட்டி என்ற விடுதலை நாட்டை நிறுவியபோது, அந்நடுக்கம் காரணமற்றதன்று என்பதை உலகம் உணர்ந்தது.

இதைக் கேட்ட அம்மாணவர் வேறு வினா எழுப்பவில்லை. ஆனால் அடுத்த வாரம் கறுப்புச் சட்டத்தின் பிற விதிகளைத் தேடிப் படித்துவிட்டு வந்து என்னிடம் பேசினார். ஆசிரியர்க்கு இதனினும் வேறு ஊதியம் வேண்டுமோ!

தடி கைக்கு வந்த கதை

இனி டிரினிடாடுக்குச் செல்வோம். ஸ்பெயின் நாட்டுக்கு உரியதாயிருந்த அத்தீவில் மக்கள்தொகை மிகக் குறைவு. அதனைப் பெருக்க 1783-இல் ஸ்பானிய மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். கத்தோலிக்கராயுள்ள வெளிநாட்டார் குடியேறினால் நிலம் கிடைக்கும். அடிமைகளை உடன் கொண்டுவந்தால் கூடுதல் நிலம் கிடைக்கும். மார்ட்டினிக், குவாதலூப், கிரெனடா முதலிய தீவுகளின் பிரெஞ்சுக் குடும்பங்கள் திரண்டு வந்தன. அவர்கள் தம் அடிமைகளைக் கொண்டுவந்தனர். அடிமைகள் தம் ஆட்டத்தைக் கொண்டுவந்தனர். 1797-இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றினர். கொடி மாறியது, கரும்புத் தோட்டம் மாறவில்லை.

அந்நாளில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் வாழ்ந்த ஆப்பிரிக்க முஸ்லிம்களைப் பற்றி நம் மாணவர் அவசியம் அறிதல் வேண்டும். மண்டிங்கோ இனத்தவரான அவர்கள், யூனுஸ் முகம்மது பாத் என்பாரின் தலைமையில் பொது நிதி திரட்டினர். அந்நிதியைக் கொண்டு தம்மவரை விலைகொடுத்து மீட்டனர். 1838-இல் தாயகம் திரும்ப வழிசெய்யுமாறு ஆங்கில அரசுக்கு விண்ணப்பித்தனர்; அரசு இசையவில்லை. ஒருசாரார் முரசைச் சுற்றிக் கூடினர். ஒருசாரார் பொது நிதியைச் சுற்றிக் கூடினர். பிரிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூட முயன்றனர் என்பதே இரண்டிற்கும் பொதுவான உண்மை.

டிரினிடாடின் கலிண்டாவில் பாடுவோனும் வட்டமும் முரசும் முன்போலவே இருந்தன. வட்டத்தின் நடுவே மட்டும் இருவர் தடியேந்தி நின்றனர். பூயி என்னும் வைரம் பாய்ந்த மரத்தின் கிளையே அத்தடி. களத்தின் பெயர் கயேல். முன்பாடகனுக்குச் சாந்துவெல் என்று பெயர். அவன் தன் அணியின் வீரனைப் புகழ்ந்தும் எதிரியை இகழ்ந்தும் பாட, சுற்றியுள்ளோர் பின்பாட்டுப் பாடுவர். வீரர்கள் ஆடிக்கொண்டே நெருங்குவர்; ஆடிக்கொண்டே அடிப்பர்; ஆடிக்கொண்டே தடுப்பர். தலையில் அடிபட்டுக் குருதி கண்டால் ஆட்டம் முடிந்தது. தோற்றவன் களத்தின் நடுவே தோண்டிய சிறு குழியில் தலையைச் சாய்த்துக் குருதியை வடியவிடுவான்.

இதனைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ச் சந்தனக்கூட்டு இரவுகளில் நான் கண்ட சிலம்பம் என் நினைவில் எழும். பெரியவர்கள் கம்பைத் தரையில் தொட்டு வணக்கம் வைப்பதும், மேளம் விரைய விரைய அவர்தம் முதுமை மறைவதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. சிலம்பமும் கலிண்டாவும் உறவுடையன என்று கூற நான் துணியேன். தடி ஊன்றிப் பழகிய உழவர் கூட்டம் எங்கிருப்பினும் தன் தடியைக் கலையாக்கிக் கொள்ளும் போலும் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றேன்.

1834 ஆகஸ்டு முதல் நாள் ஆங்கிலப் பேரரசில் அடிமைமுறை ஒழிந்தது. பயிற்சிக் காலம் என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பு 1838 ஆகஸ்டு முதல் நாளில் முடிவுற்றது. விடுதலை பெற்றோர் தம் விடுதலையைக் கொண்டாடும் முறையில் ஓர் ஆழமான பொருள் உண்டு. அடிமைக் காலத்தில் கரும்புத் தோட்டத்தில் தீப்பற்றினால், நள்ளிரவாயினும் சுற்றுவட்டாரத்து அடிமைகளைக் கொம்பூதித் திரட்டித் தீப்பந்தங்களோடு ஓட்டிச் செல்வர். எரிந்த கரும்பு பாழாகுமுன் வெட்டியாக வேண்டுமன்றோ! எரிந்த கரும்பு என்ற பொருள்படும் பிரெஞ்சுத் தொடரே மருவிக் கேன்புலே ஆயிற்று. விடுதலை பெற்றோர் அந்த ஊர்வலத்தையே மீண்டும் நடத்தினர். பந்தம் உண்டு, பாட்டு உண்டு, முரசு உண்டு; ஓட்டிச் செல்லக் கசை மட்டும் இல்லை. நாளடைவில் அவ்வூர்வலம் கத்தோலிக்கரின் கார்னிவல் திருவிழாத் தொடக்க நள்ளிரவுக்கு மாறியது. முன்னணியில் தடியேந்திய கலிண்டா அணிகள் நடந்தன.

1881: நள்ளிரவில் ஓர் எழுச்சி

நகரத்து மேன்மக்களுக்கு இவ்வூர்வலம் பிடிக்கவில்லை. இதில் கலந்துகொண்ட ஏழை மக்களை ஜாமெத் என்று இழித்துரைத்தனர். மதிப்புக்குரியோர் வட்டத்துக்குக் கீழே உள்ளவர் என்பது அதன் பொருள். 1877-இல் காவல்துறைத் தலைவராக வந்த கேப்டன் பேக்கர் கேன்புலேயை ஒழித்துக்கட்ட உறுதி பூண்டார். 1880-இல் திடுமெனத் தோன்றிப் பந்தங்களையும் தடிகளையும் முரசுகளையும் ஒப்படைக்கச் செய்தார். எதிர்பாராத மக்கள் பணிந்து கொடுத்துவிட்டனர்.

மறுஆண்டு பணியவில்லை. தெருவுக்குத் தெரு பகைத்து ஒருவரோடொருவர் தடியால் மோதிக்கொண்டிருந்த அணிகள், தம் பகையை மறந்து ஒன்று சேர்ந்தன. 1881 பிப்ரவரி 28 புலரும் முன், போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் காவலரோடு மோதல் மூண்டது. களத்தில் இருந்த காவலர் சுமார் 150 பேர். காயமுற்றோர் 38 பேர். ஆளுநர் ஃபிரீலிங் தாமே மக்கள் முன் வந்து பேசவேண்டியதாயிற்று. காவலரைப் பாசறைக்குள் இருத்தி, திருவிழாவில் குறுக்கிடுவதில்லை என்று அவர் வாக்களித்த பின்னரே நகரம் அமைதியுற்றது. நிகழ்ந்ததை ஆராய இலண்டனிலிருந்து ஹாமில்டன் என்ற அலுவலர் அனுப்பப்பட்டார்.

ஆயினும் வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1884-இல் அமைதிக் காப்புச் சட்டம் என்ற ஒன்று வந்தது. பந்தம், முரசு, ஆட்டம், ஊர்வலம் ஆகியவற்றைத் தடுக்க ஆளுநருக்கு அது அதிகாரம் அளித்தது. தடியேந்திய பத்துப் பேர் ஒன்றுகூடுவதும் குற்றமாயிற்று. கேன்புலே ஒடுங்கியது. 1685-இன் விதிகளை 1884-இன் விதிகளோடு வைத்துப் பாருங்கள். இரண்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. அடிமைமுறை ஒழிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தடுக்கப்பட்டவை அதே தடியும் அதே கூட்டமுமே!

அதே ஆண்டில் மற்றொரு முரசு

இவ்விடத்தில் நம்மவர் கதையும் வந்து கலக்கின்றது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகவே, தோட்ட முதலாளிகள் இந்தியாவின்மீது கண் வைத்தனர். 1845 மே 30 அன்று முதல் கப்பல் டிரினிடாடை அடைந்தது. அதன் பெயர் ஏடுகளில் ஃபதல் ரசாக் என்று சிதைந்து காணப்படுகின்றது. உணவளிப்போனாகிய இறைவனின் வெற்றி எனப் பொருள்படும் ஃபத்ஹுர் ரஸ்ஸாக் என்பதே அதன் மூலம். 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் இருந்தனர். மதராசி என்ற சொல் அங்கே இன்றும் வழங்குகின்றது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதியார் உருகிப் பாடினாரே, அத்துன்பத்தின் மற்றொரு கரை இது.

அவர்கள் கொண்டுசென்றவற்றுள் முஹர்ரம் நினைவும் ஒன்று. இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் பெயர் அங்கே ஹோசே என்று மருவி, அவ்விழாவுக்கே பெயராயிற்று. மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் சமைத்த தாஜியாக்களைத் தாசா முரசு முழங்க ஏந்திச் சென்று கடலில் விடுவர். இவ்வழக்கம் குறித்து மார்க்க அறிஞரிடையே மாற்றுக் கருத்துண்டு. அதனை ஆராயும் இடம் இதுவன்று. தஞ்சைத் தரணியின் சில ஊர்களில் அல்லாசாமி விழாவில் இந்துப் பெருமக்கள் கலந்துகொள்வது போலவே, டிரினிடாடிலும் இந்துக்கள் கலந்துகொண்டனர். ஆப்பிரிக்க வழியினரும் முரசறைந்து உடன் நடந்தனர். ஆள்வோரின் அச்சம் அங்கேதான் தொடங்கியது.

கேன்புலே முரசை ஒடுக்கிய அதே 1884-இல், ஹோசே ஊர்வலம் நகரங்களுக்குள்ளும் நெடுஞ்சாலைகளிலும் வரலாகாது என்று விதிகள் பிறந்தன. தடையை நீக்குமாறு தொழிலாளர் விண்ணப்பித்தனர். அதில் கையொப்பமிட்டோருள் இந்துக்களும் இருந்தனர் என்பது குறிக்கத்தக்கது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1884 அக்டோபர் 30 அன்று, வழக்கம்போல் தாஜியாக்களோடு சான் பெர்னாண்டோ நகரை நோக்கி வந்த ஊர்வலங்கள்மீது துப்பாக்கிகள் வெடித்தன. பலர் மாண்டனர்; நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கர்பலாவின் துயரை நினைந்து நடந்தவர்கள் தாமே குருதியில் வீழ்ந்தனர். கேன்புலேயைப் பற்றி எழுதுவோர் ஹோசேயை விட்டுவிடுவதும், ஹோசேயைப் பற்றி எழுதுவோர் கேன்புலேயை விட்டுவிடுவதும் உண்டு. ஒரே ஆண்டில் ஒரே அரசு இரு முரசுகளையும் அடக்கியது என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் உண்மை விளங்கும்.

மூங்கிலும் இரும்பும்

தோல்முரசு போயிற்று. மக்கள் மூங்கிலை வெட்டினர். ஐந்தடி நீளமுள்ள பருத்த மூங்கிலைத் தரையில் குத்தினால் ஆழ்ந்த ஓசை எழுந்தது. அதனைப் பூம் என்றனர். சிறு துண்டுகள் இரண்டை முனையோடு முனை மோதினால் நடு ஓசை, அது ஃபூலே. மெல்லிய மூங்கிலைக் குச்சியால் தட்டினால் விரைந்த மேலோசை; அது கட்டர். லபா கண்ட பெருமுரசும் பாபூலாவும் செய்த பணியை மூங்கில் மேற்கொண்டது! தம்பூ-பாம்பூ என்பது இந்த இசைக்குழுவின் பெயர். முரசைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் மூங்கிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கலந்தது அது. சட்டத்தில் முரசு என்றுதானே இருந்தது? மூங்கில் என்று இல்லையே!

குத்தக் குத்த மூங்கில் பிளந்துவிடும். 1930-களில் இளைஞர்கள் பிஸ்கட் தகரத்தையும் சாயக் குப்பியையும் குப்பைத் தொட்டி மூடியையும் கையிலெடுத்தனர். அடிபட்டுக் குழிந்த தகரம் இடத்துக்கு இடம் வெவ்வேறு சுரம் தருவதைக் கண்டனர். டிரினிடாட் எண்ணெய் வளமுள்ள தீவு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைத்தளமும் அமைந்தது. வெற்று எண்ணெய்ப் பீப்பாய்களுக்குக் குறைவில்லை. போர்க்காலத்தில் 1942 முதல் கார்னிவல் தடைசெய்யப்பட்டிருந்தும் பின்கட்டுகளில் சுத்தியல் ஓசை ஓயவில்லை. 1945-இல் போர் முடிந்த செய்தி வந்தபோது மக்கள் தெருவில் இறங்கினர். அவர்கள் கையில் ஒரு புதிய இசைக்கருவி இருந்தது. வின்ஸ்டன் சைமன், எல்லி மானெட் முதலிய ஏழை இளைஞர்கள் அதனைச் செப்பம் செய்தனர். 1951-இல் டிரினிடாட் இளைஞர் குழு ஒன்று இலண்டன் சென்று பிரிட்டன் விழாவில் இரும்பு முரசை வாசித்தது.

1962 ஆகஸ்டு 31 அன்று அந்நாடு விடுதலை பெற்றது. 1992-இல் அவ்விசைக்கருவி தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது. 2023-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, ஆகஸ்டு 11-ஆம் நாளை உலக இரும்பு முரசு நாளாக ஏற்றது. கலிண்டாக் களத்தில் பாடிய சாந்துவெல்லின் வழிவந்தோரே கலிப்ஸோப் பாடகர்கள். கலிண்டாவும் அழிந்துபடவில்லை. கார்னிவல் காலத்தில் தடியாட்டப் போட்டிகள் நடைபெறுகின்றன; 1881-இன் எழுச்சியைப் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவிலேயே விடியற்காலையில் நடித்துக் காட்டுகின்றனர். ஹோசே ஊர்வலமும் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது.

மாணவச் செல்வங்களுக்கு

இவ்வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட படிப்பினையைச் சொல்லி அமைகின்றேன். தடைகள் கலையை வளர்த்தன என்று கூறித் தடை விதித்தோரைப் பாராட்டிவிடலாகாது. 1884-இல் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு எந்த இசைக்கருவியும் ஈடாகாது. வளர்த்தவர்கள், ஒன்று பறிபோனால் மற்றொன்றைத் தேடிய அந்த எளிய மக்களே.

எழுத்தறிவு மறுக்கப்பட்ட அவர்கள் தம் கதையை எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றிய ஏடுகளில் உடைமையாளரும் பாதிரியாரும் காவல் அதிகாரியும் எழுதியவையே மிகுதி. அவ்வேடுகளில் ஆட்டம் என்பது ஒழுங்கீனம். முரசு என்பது தொல்லை. கூட்டம் என்பது கலகம். எழுதியவர் யார், எழுதப்பட்டவர் யார் என்று பிரித்துப் படிக்கும் பழக்கம் இலக்கிய மாணவர்க்கு இன்றியமையாதது. ஓர் ஆணையில் எது தடைசெய்யப்பட்டது என்பதோடு நில்லாமல், எதற்கு அஞ்சித் தடைசெய்தனர் என்றும் வினவுங்கள். நம் ஊர்களிலும் எழுதி வைக்கப்படாத கதைகள் பல உண்டு. கப்பலேறிப் போய்த் திரும்பாத முன்னோரின் பெயர்கள் சில குடும்பங்களில் முதியோர் நாவில் மட்டும் வாழ்கின்றன. அம்முதியோர் இருக்கும்போதே அவர்கள்பால் சென்று அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவை இடம்பெறுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் அடைந்தவனாவேன். அதற்கான ஆர்வத்தையும் ஆற்றலையும் வல்ல இறைவன் உங்கட்கு அருள்வானாக!